பதகளிப்புக்கு என்எச்எஸ் உளச்சிகிச்சை: நீங்களே பதிந்துகொள்ளும் வழி

இங்கிலாந்தில் பதகளிப்புக்கு (அங்சைட்டிக்கு) அரச சுகாதார சேவையான என்எச்எஸ் இல் உளச்சிகிச்சை எடுக்க ஜீபியின், அதாவது குடும்ப வைத்தியரின், கடிதம் தேவையில்லை. வீட்டில் யாருடைய சம்மதமும் தேவையில்லை. காசும் தேவையில்லை. ஒரு ஜீபி சேர்ஜரியில் (ஜீபியின் கிளினிக்கில்) பதிந்திருந்து, 18 வயதும் தாண்டியிருந்தால் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். லண்டனில் ஹரோ பக்கம் ஒரு சேர்ஜரியின் முன்மேசையில் வேலை செய்கிறேன். அங்கே நான் அதிகம் சொல்வது இதைத்தான். "தங்கச்சி, நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்லை, டொக்டரைப் பாக்க இடமும் கிடைக்குதில்லை" என்று கண்ணாடிப் பக்கம் குனிந்து சொல்வார்கள். பின்னால் வரிசையில் நிற்பவருக்குக் கேட்டுவிடுமோ என்ற கவலையில் குரல் அடங்கிப்போயிருக்கும். நானும் இந்தச் சிகிச்சை எடுத்துத் தேறியவள். அதனால் மேசைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சேவையின் பெயர் என்எச்எஸ் டோக்கிங் தெரப்பீஸ். 2008 இல் தொடங்கியபோது ஐயாப்ட் என்று சொன்னார்கள், 2023 இல் பெயர் மாறியது. பழைய துண்டுப்பிரசுரம் எதிலாவது அந்தப் பெயரைக் கண்டால் இரண்டும் ஒன்றுதான். இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய ஒழுங்கு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருக்கிறவர்கள் தங்கள் ஜீபியிடமிருந்து தொடங்குங்கள். ஓயாத யோசனை, பனிக் அற்றாக் (திடீரென்று உச்சிக்கு ஏறும் பயம்), ஆட்களுக்கு முன்னால் நிற்கப் பயம், வீட்டைவிட்டு வெளிக்கிடப் பயம், ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டது என்ற தீராத பயம், திரும்பத் திரும்பக் கதவையும் அடுப்பையும் பார்க்கவைக்கும் ஓசிடி, பழைய கொடுமைகள் விட்டுப்போன பாதிப்பு, இவற்றோடு சேர்ந்து வரும் மனச்சோர்வு எல்லாவற்றையும் இங்கே பார்ப்பார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ள தாய்மாரும் படிவத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே நெருக்குகிறது என்றால் இந்தப் படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 111 அடித்து 2 ஐ அழுத்துங்கள், இரவு பகல் எந்நேரமும் மனநல உதவிக்கு ஆள் இருப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. மனம்விட்டுக் கதைக்க ஒரு ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் 116 123, அந்த அழைப்புக்குக் காசில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

எங்கள் தமிழ் ஆட்களுக்கு நீரிழிவும் இதய வருத்தமும் அதிகம். படபடப்பு என்றாலே பதகளிப்பு என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். நெஞ்சு இறுகி, நோ கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் 999 தான். மற்றபடி ஜீபியிடம் ஒருமுறை காட்டி, இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஈசிஜியும் எடுப்பது நல்லது. தைரொயிட் கூடினாலும் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், மெலிவு வரும். இரத்தச்சோகையிலும் படபடப்பு வரலாம். இதற்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே டோக்கிங் தெரப்பீஸுக்கும் விண்ணப்பித்துவிடலாம், ஒன்று முடிந்துதான் மற்றது என்றில்லை. பதகளிப்புக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் சேரலாம். தெரப்பி தொடங்குகிறது என்று மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது, அதை ஜீபியோடு கதைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஜீபியிடம் இன்னும் பதியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிவதற்கு விசா கடிதமோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவர்களும் பதியலாம். ஐடி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தச் சேர்ஜரியும் மறுக்கக்கூடாது. மறுத்தால் மனேஜருடன் கதைக்க வேண்டுமென்று கேளுங்கள்.

படிவம்

என்எச்எஸ் இணையத்தளத்தில் டோக்கிங் தெரப்பீஸ் என்று தேடினால் உங்கள் சேர்ஜரியின் பெயரையோ போஸ்ட்கோட்டையோ கேட்கும். கொடுத்தால் உங்களுக்குரிய சேவையைக் காட்டும். எந்தச் சேவை என்பது நீங்கள் பதிந்திருக்கும் சேர்ஜரியை வைத்துத்தான். வீடு மாறியும் பழைய சேர்ஜரியிலேயே இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். படிவத்தை ஒன்லைனில் நிரப்பலாம், போனிலும் சொல்லலாம். ஒன்றும் சரிவராவிட்டால் சேர்ஜரி முன்மேசையில் அந்தச் சேவையின் போன் இலக்கத்தைக் கேளுங்கள். ஏன் வேண்டும் என்று எங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"உங்கள் முக்கிய பிரச்சினை என்ன" என்ற பெட்டியில் "ஸ்ட்ரெஸ்" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போகவேண்டாம். என்ன நடக்கிறது, எத்தனை நாளாக நடக்கிறது, அதனால் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். "6 மாதமாக ரியூப்பில் (லண்டன் நிலத்தடி ரயிலில்) ஏற முடியவில்லை, ஏறினால் மூச்சடைத்து மயங்கி விழுவேன் என்று பயம், அதனால் வேலையை விட்டுவிட்டேன்" என்று எழுதினால், வாசிக்கிறவருக்கு உங்களை எங்கே அனுப்புவது என்று உடனே விளங்கும். போரிலும் தடுப்பிலும் நடந்தவை கனவில் வருகின்றன, பட்டாசுச் சத்தத்தில் உடம்பு உறைந்துபோகிறது என்றால் அதையும் எழுத வேண்டும். எங்கள் சனம் "நித்திரை வருதில்லை" என்று மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடும். அப்போது நித்திரைக்கான கையேடு ஒன்றுதான் கிடைக்கும். உண்மையில் தேவைப்படுவது வேறு சிகிச்சை.

மொழி பற்றிய கேள்வியில் தமிழ் என்று போடுங்கள். ஆங்கிலத்தில் கடை நடத்துகிறோம், பிள்ளையின் ஆசிரியரோடு கதைக்கிறோம் என்பது வேறு. பயத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பது வேறு. மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்குசெய்வார்கள், அதற்கும் காசில்லை. மகளையோ கணவரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாய் முழுவதையும் சொல்வாள்? மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனாலும் லண்டனில் எங்கள் சனம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். கோயிலில் காணக்கூடிய ஒருவர் வந்து இருந்தால் வாய் திறக்காது. ஆகவே போன் வழியாக, வேறு நகரத்திலிருந்து ஒருவரைக் கேளுங்கள். பெண்தான் வேண்டும் என்றால் அதையும் கேளுங்கள். இலங்கைத் தமிழ் கதைப்பவரா, இந்தியத் தமிழ் கதைப்பவரா வேண்டும் என்றும் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அதே ஆள் வருவாரா என்று கேட்டு வையுங்கள், புதிது புதிதாக ஆள் மாறினால் கதை நகராது.

போன் அழைப்பு

படிவம் போனபின் ஒரு நேரம் குறித்து உங்களை அழைப்பார்கள். அநேகமாக இலக்கம் காட்டாத அழைப்பாகத்தான் வரும். கடன்காரரோ மோசடிக்காரரோ என்று எங்கள் ஆட்கள் எடுப்பதில்லை. எடுக்காமல் விட்டுத் திரும்பவும் தொடர்புகொள்ளாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் யாரும் இல்லாத இடத்தில் இருங்கள். மாமி, மச்சாள், பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் அறைக்கதவைப் பூட்டினாலும் குரல் கேட்கும். நான் காருக்குள் இருந்துதான் கதைத்தேன். குளிரில் ஹீற்றர் போட்டுக்கொண்டு, ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு.

ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் இந்த இரண்டு வசனத்தையும் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: "ஐ நீட் எ டமில் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்." "ப்ளீஸ் கோல் மீ பாக் வித் த இன்டர்பிரிட்டர்." தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவரோடு திரும்ப அழையுங்கள் என்பதுதான் பொருள். இது போதும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை கேள்விகள் இருக்கும். அதற்கு முன்னோ அதிலேயோ இரண்டு கேள்விக்கொத்து வரும். ஜிஏடி-7 பதகளிப்பை அளக்க, பிஎச்கியூ-9 மனச்சோர்வை அளக்க. தமிழிலும் உண்டு, கேளுங்கள். கடந்த இரண்டு கிழமையில் யோசனையை நிறுத்த முடியாமல் இருந்ததா, ஓய்வாக இருக்க முடியவில்லையா, சட்டென்று எரிச்சல் வந்ததா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்தீர்களா என்றெல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் என்றால் 2, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் என்றால் 3. ஜிஏடி-7 இல் மொத்தம் 21. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை தேவைப்படும் அளவு என்று கணக்கெடுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்கிறார்கள். "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்று சொல்லிப் பழகிய வாய் 0, 1, 0, 1 என்று சொல்லிவிடும். வீட்டில் எல்லோருக்கும் சமைத்து, வேலைக்கும் போய் வருகிறேன், அப்படியென்றால் எனக்கு வருத்தமில்லை என்று ஒரு கணக்கு. சமைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்ததா இல்லையா? அதைத்தான் கேட்கிறார்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு சந்திப்புக்கும் இதே கேள்விகள் வரும். முதல் நாள் உண்மையைச் சொன்னால்தான் பிறகு குறைகிறதா என்று தெரியும்.

பிஎச்கியூ-9 இல் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ உங்களை நீங்களே காயப்படுத்த வேண்டுமென்றோ எண்ணம் வந்ததா என்பது. வந்திருந்தால் ஓம் என்று சொல்லுங்கள். எண்ணம் வந்தது என்று சொன்னவுடன் யாரும் அம்புலன்ஸ் அனுப்பிப் பிடித்துக்கொண்டு போவதில்லை. திட்டம் ஏதும் இருக்கிறதா, யார் துணை இருக்கிறார்கள், இரவில் கூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மேலும் கேட்டு, உங்களோடு சேர்ந்து ஒரு பாதுகாப்பு ஒழுங்கு எழுதுவார்கள். பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தை முன்மேசையில் அடிக்கடி கேட்கிறேன். தாய்க்குப் பதகளிப்பு என்பதற்காகப் பிள்ளைகளை எடுப்பதில்லை. நீங்கள் சொல்வது வேலைத்தலத்துக்கோ கணவருக்கோ போகாது. ஜீபிக்கு ஒரு சுருக்கக் கடிதம் போகும். உங்களுக்கோ, பிள்ளைக்கோ, வேறொருவருக்கோ பெரும் ஆபத்து என்று பட்டால் மட்டும் உரிய இடத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு, அதை முதலிலேயே உங்களுக்குச் சொல்வார்கள்.

எது கிடைக்கும், எவ்வளவு காத்திருக்க வேண்டும்

விண்ணப்பித்தவர்களில் 75 வீதமானோருக்கு 6 வாரத்துக்குள்ளும், 95 வீதமானோருக்கு 18 வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது என்எச்எஸ் வைத்திருக்கும் அளவு. முதல் சந்திப்பு கெதியாக வந்துவிடும். அதற்கும் அடுத்ததற்கும் இடையில்தான் நீண்ட காத்திருப்பு ஒளிந்திருக்கிறது. ஆகவே அந்த முதல் அழைப்பிலேயே, "இரண்டாவது சந்திப்பு எப்ப? எந்தப் பட்டியலில என்னைப் போட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். நேரடியாகவா, வீடியோவிலா, போனிலா என்று தெரிவு இருக்கும். ஏதாவதொன்றுக்கு இடம் விரைவில் கிடைக்கலாம். யாராவது ரத்துச் செய்த நேரத்தையும் எடுக்கத் தயார் என்று சொல்லி வைத்தால் உதவும்.

இலேசான பாதிப்பு என்றால் வழிகாட்டலோடு சுயவுதவி. ஒரு கையேடோ ஒன்லைன் பாடமோ தருவார்கள். அரை மணி நேர அழைப்புகளில் ஒருவர் கூட இருந்து கொண்டுபோவார். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். யோசிக்கிறதற்கென்று மாலையில் ஒரு நேரம் ஒதுக்குவது, கையில் உள்ள பிரச்சினையையும் கையில் இல்லாத பிரச்சினையையும் தாளில் பிரிப்பது போன்ற பயிற்சிகள் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. இது போதவில்லை என்றால் சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. பொதுவான பதகளிப்புக்குக் கிழமைக்கு ஒரு மணி வீதம் 12 முதல் 15 சந்திப்பு வரை, பனிக் அற்றாக்குக்குக் கூட்டிப் பார்த்தால் 7 முதல் 14 மணித்தியாலம் வரை என்று சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு சொல்கிறது. பழைய கொடுமைகளின் பாதிப்புக்கு அதற்கென்றே உள்ள சிபிடியும், கண்ணை அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் ஈஎம்டிஆரும் உண்டு. சித்திரவதையை அனுபவித்தவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் என்ற தொண்டு நிறுவனமும் சிகிச்சை தருகிறது. ஜீபியிடமோ உங்கள் சொலிசிட்டரிடமோ கேளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்

ஆறுதல் வார்த்தை கேட்கப் போகிறோம் என்று நினைத்துப் போகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதனால் என்னுடையதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

எனக்கு ரியூப்பில் பனிக் வரும். வெம்ப்ளி பார்க்குக்கும் பிஞ்ச்லி ரோட்டுக்கும் இடையில் மெட்ரோபொலிட்டன் லைன் எங்கும் நிற்காது. கதவு மூடினால் மூடினதுதான். அந்தத் துண்டை நினைத்தாலே வயிறு பிசையும். கைப்பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் சித்தாலேப தைல டப்பியும் இருக்கும். கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன், டப்பியை மணந்துகொண்டே போவேன். தெரப்பிஸ்ட் முதலில் கேட்டது, "மயங்கி விழுவேன் எண்டு எவ்வளவு நம்புறீங்கள், நூற்றுக்கு எத்தனை?" 90 என்றேன். சரியென்று எழுதிக்கொண்டு, என்னையும் எழுப்பி, தானும் எழும்பி, இருவருமாக ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். தலை சுற்றியது, விரல் நுனி விறைத்தது, நெஞ்சு அடித்தது. ரியூப்பில் வருகிற அத்தனையும் அந்தச் சின்ன அறையில் வந்தது. விழவில்லை. பனிக்கில் இரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வருவது அது இறங்கும்போது என்று அப்போதுதான் விளக்கினார். அதே விளக்கத்தை நான் முன்பும் வாசித்திருக்கிறேன். உடம்பில் கண்டபிறகுதான் நம்பினேன்.

பிறகு படியாகப் படியாகப் போனோம். இடையில் ஐந்து இடத்தில் நிற்கிற ஜூபிலி லைன் முதலில், ஒரு ஸ்டேஷன் ஏறி அடுத்ததில் இறங்குவது. பிறகு இறங்காமல் பிஞ்ச்லி ரோட் வரை. பிறகு கதவைவிட்டு நடுவில் நின்று. பிறகு போத்தலும் டப்பியும் வீட்டில். அவைதான் என்னைக் காப்பாற்றுகின்றன என்ற நம்பிக்கை இருக்கும்வரை பயம் போகாது என்று தெரப்பிஸ்ட் சொன்னார், அது மெய். கடைசியாக மெட்ரோபொலிட்டன். ஒவ்வொரு முறையும் போகமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், வந்தபின் என்ன நடந்தது என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதுவேன். பயம் உச்சிக்குப் போகும்போது இறங்கி ஓடாமல் நிற்க வேண்டும். தானாகத் தணியும். தணியும் என்பதை நான் நின்று பார்த்தால்தான் என் உடம்புக்குத் தெரியும்.

தெரப்பி அறைக்குள் இருக்கும் ஒரு மணித்தியாலம் பாடம் மட்டும். கிழமையின் மிச்ச நாட்களில் செய்யும் வீட்டுவேலைதான் சிகிச்சை. அதைச் செய்யாமல் போய்ப் போய் வந்தால் நேரம்தான் போகும்.

வேலை நேரம் ஒரு பெரிய தடை. பெற்றோல் ஸ்டேஷனிலும் சுப்பர்மார்க்கட்டிலும் ஷிப்ட் செய்கிறவர்கள், மாலை நேரச் சந்திப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், பல சேவைகளில் உண்டு. வேலை பறிபோகும் பயம், லீவில் இருந்து திரும்புவது போன்றவற்றுக்கு அங்கேயே வேலை ஆலோசகர் இருப்பார், அவரையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். வர முடியாத நாளில் முன்கூட்டியே அறிவியுங்கள். சொல்லாமல் இரண்டு முறை தவறினால் பல இடங்களில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

தெரப்பிஸ்டோடு சரிவராவிட்டால் அவரிடமே சொல்லலாம், மாற்றியும் கேட்கலாம். மரியாதைக் குறைவு என்று நினைத்து எங்கள் ஆட்கள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். நீங்கள் நின்றுவிட்டால் அவர்களுக்குக் காரணமே தெரியாது. சேவையில் குறை என்றால் அங்குள்ள முறைப்பாட்டு வழியில் எழுதலாம், அதனால் சிகிச்சை நிற்காது.

முடியும்போது, திரும்ப வந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் உங்களோடு சேர்ந்து எழுதித் தருவார்கள். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள், தாள் தொலைந்துவிடும். சில மாதம் கழித்தோ சில வருடம் கழித்தோ மீண்டும் கூடினால் மீண்டும் பதியலாம். அதே இணையத்தளம், அதே படிவம். முன்பு என்ன சிகிச்சை எடுத்தீர்கள், எது உதவியது என்பதை முதல் பெட்டியிலேயே எழுதுங்கள்.